'கமிஷன் இல்லை' அட்டையைப் பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பாதீர்கள்

சம்பளம் வந்த வாரம் என்றால், ஞாயிறு மாலை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீண்டுவிடும். ஒரு கடையில் அன்றைய ரேட் சிவப்பு எழுத்தில் மின்னும். பக்கத்துக் கடையில் 'கமிஷன் இல்லை' என்று அட்டை தொங்கும். நம்மில் பலர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்கிறோம். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

கமிஷன் வாங்காத கடை, ரேட்டில் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடை கமிஷன் இல்லாமல் சிங்கப்பூர் டாலருக்கு 64.20 ரூபாய் தருகிறது. இன்னொன்று 4 டாலர் வாங்கிக்கொண்டு 64.95 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலர் கொடுத்தால் முதல் கடையில் 64,200 ரூபாய் போகும், இரண்டாவதில் 64,690. வித்தியாசம் 490 ரூபாய், வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு. அதே கடைகளில் 200 டாலர் மட்டும் கொடுத்தால் கதை மாறிவிடும்: 12,840க்கு எதிராக 12,730. இப்போது கமிஷன் இல்லாத கடைதான் லாபம். அதனால் 'எந்தக் கடை நல்ல கடை?' என்று நண்பரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் அனுப்பும் தொகை வேறு, உங்கள் தொகை வேறு. கவுன்ட்டரில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நான் இவ்வளவு கொடுத்தால் ஊரில் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?"

காலையில் ஒரு செயலியில் பார்த்த ரேட்டையும் சாயங்காலம் கடையில் பார்த்த ரேட்டையும் ஒப்பிடுவதும் தப்பு. ரேட் நாள் முழுக்க ஏறி இறங்கும். எல்லாவற்றையும் ஒரே பத்து நிமிடத்துக்குள் பாருங்கள். அப்புறம், புதியவர்களுக்குச் செயலி காட்டும் சலுகை ரேட் பெரும்பாலும் முதல் முறைக்கு மட்டும்தான். இரண்டாவது மாதம் மறுபடி ஒப்பிட வேண்டும்.

வங்கி வழியாக நான் முதல் தடவை அனுப்பியபோது அம்மா போனில், "தம்பி, நீ சொன்னதைவிடக் குறைவா வந்திருக்கேப்பா" என்றார். பணம் டாலராகவே போயிருந்தது. நடுவில் இருந்த வங்கி தன் பங்கைப் பிடித்திருந்தது. ஊரில் ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டியும் போயிருந்தது. இந்த ஜிஎஸ்டி 25,000 ரூபாய் வரை 45 ரூபாய். தொகை கூடினால் கூடும். இடைவங்கிக் கட்டணம் யார் தலையில் என்று அனுப்பும் முன்பே கேட்டிருந்தால் அம்மா குழம்பியிருக்க மாட்டார்.

சின்னத் தொகை அனுப்புகிறவர்கள் பேநவ்–யுபிஐ இணைப்பை, அதாவது சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற இரண்டு உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளையும் இணைக்கும் வசதியை, மறந்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் தொடங்கியது இது; அப்போது நாளொன்றுக்குச் சுமார் 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அனுப்பலாம் என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் வங்கி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் ரேட்டைப் பார்க்காமல் பொத்தானைத் தட்டாதீர்கள்.

உண்டியல் பக்கம், அதாவது உரிமம் இல்லாத ஆட்கள் வழியாகப் பணம் அனுப்பும் பக்கம், மட்டும் போகவே வேண்டாம். ரேட் ஆசை காட்டும், உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம், கையில் ரசீதும் இருக்காது. ஊரில் யாரோ ஒருவர் உங்கள் மனைவியின் கணக்கில் போடும் பணம் மோசடிப் பணமாக இருந்துவிட்டால், போலீஸ் அந்தக் கணக்கையே முடக்கிவிடலாம். கடைக்கு உரிமம் உண்டா என்பதை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் (எம்ஏஎஸ்) இணையப் பட்டியலில் இலவசமாகவே பார்க்கலாம்.

எல்லாம் சரி பார்த்த பிறகும் பணம் திரும்பி வருவதுண்டு. செயலியில் சேமித்து வைத்த பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணால், அதாவது ஊரில் உள்ள வங்கிக் கிளையின் அடையாள எண்ணால், வரும் வினை அது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைந்தது. அதன் பழைய எண்கள் இப்போது செல்லாது. அப்பா பெயரில் அங்கே கணக்கு இருந்தால், புதிய காசோலைப் புத்தகத்தின் முதல் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எண்ணோடு பெயரின் எழுத்துகளையும் அதைப் பார்த்தே அடியுங்கள்.