பழைய கார்களுக்கு எத்தனால் கலவாத பெட்ரோல்

மதுரையில் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களைப் பேணிவருவோர், இப்போது பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்வதோடு, அக்கால ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளையும் நாளடைவில் கெடுத்துவிடுமாதலால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் வண்டிக்கு எத்தனால் இல்லாத பெட்ரோலே ஏற்றது. எத்தனால் இல்லாதது எனச் சொல்லப்படும், விலை மிகுந்த 100 ஆக்டேன் வகைப் பெட்ரோலை நாடுவோரும், வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பது நல்லது. அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, நெருப்பு அண்டாத திறந்தவெளியில் நன்கு குலுக்கிச் சில நிமிடங்கள் வையுங்கள். எத்தனால் இருந்தால் நீரோடு சேர்ந்து அடியில் இறங்கும்; எனவே அடியில் தங்கும் நீர் 10 மி.லி. அளவிலேயே நின்றால் எத்தனால் இல்லை, 25 மி.லி.யைத் தாண்டினால் கலப்பு 20 விழுக்காட்டை ஒட்டியது. சோதித்த பெட்ரோலை மீண்டும் டேங்கில் ஊற்றக் கூடாது.