டக்ளஸ் ஆடம்ஸ்: எதுல ஆரம்பிக்கலாம், எத கடைசிக்கு வைக்கலாம்

இங்கிலாந்து காமெடி எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ்னு சொன்ன உடனே, அவரு கதையில வர்ற நம்பர வச்சு "ஓ, 42!"ன்னு சொல்லிட்டு சிரிக்கிறவங்க நெறைய பேரு இருக்காங்க, ஆனா அதுல பாதி பேரு புக்க தொட்டிருக்க மாட்டாங்க. அது தப்பு இல்ல, எங்க ஆரம்பிக்கிறதுன்னு யாரும் சொல்லித் தரல, அவ்ளோதான். நானே தப்பான எடத்துலதான் ஆரம்பிச்சேன். பழைய புக் கடை ஒண்ணுல அவரோட 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' மட்டும் கம்மி வெலைக்கு கெடச்சுது, சந்தோஷமா வாங்கிட்டு வந்து உக்காந்தா முப்பது பக்கம் தாண்டியும் யாரு யாருக்கு என்ன வேணும்னே புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுது அது அவரோட 'ஹிட்ச்ஹைக்கர்' வரிசையில அஞ்சாவது பாகம்னு, அதுவும் அஞ்சுலயே ரொம்ப கசப்பான பாகம்னு. மூடி வச்சதுதான், ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகல. நீங்களாவது ஒழுங்கா போங்கன்னுதான் இத எழுதறேன்.

ஆளப் பத்தி ரெண்டே வரி. 1952ல கேம்பிரிட்ஜ்ல பொறந்தவரு, ஆறடி அஞ்சு இன்ச் ஒயரம், 2001ல 49 வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. நடுவுல ரேடியோ நாடகம், டாக்டர் ஹூ டிவி சீரியல், நாவல், கம்ப்யூட்டர் கேம், காட்டு மிருகங்களத் தேடிப் போன பயணம்னு கைய வைக்காத எடமே இல்ல.

ஸ்டெப் 1: மொதல்ல காதுல கேளுங்க

இது பலருக்கு தெரியாது, 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' மொதல்ல புக்கே கெடையாது. 1978 மார்ச் 8ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கு பிபிசி ரேடியோ 4ல நாடகமா வந்துச்சு, நல்லா பேர் வாங்கின பிறகுதான் அடுத்த வருஷம் புக்கா எழுதினாரு. அதனால அவரோட வாக்கியம் எல்லாமே வாய்க்காக எழுதினது. கண்ணால மட்டும் ஓட்டினா பாதி காமெடி தவறிப்போகும். ரேடியோ நாடகம் கெடச்சா மொதல் ரெண்டு எபிசோட் கேளுங்க, ஒண்ணு அரை மணி நேரந்தான். இல்லன்னா ஸ்டீஃபன் ஃப்ரை படிச்ச ஆடியோபுக் இருக்கு, மொதல் புக்குக்கு அது போதும். இங்கிலீஷ் காமெடின்னா எனக்கு ஓடாதுன்னு சொல்ற ஃப்ரெண்டு ஒருத்தருக்கு இப்படித்தான் போட்டுவிட்டேன், பஸ்ல தனியா சிரிச்சு மானம் போச்சுன்னு அப்புறம் வந்து திட்டினாரு.

ஸ்டெப் 2: மொதல் புக்கு, டிக்ஷனரி இல்லாம

இப்ப புக்க எடுங்க. சின்ன புக்குதான், ஒரு வார இறுதியில முடிச்சிடலாம். ஆர்தர் டென்ட்னு ஒரு சாதாரண ஆளு, காலைல எந்திரிச்சு பாத்தா பைபாஸ் ரோடு போடறதுக்காக அவரு வீட்ட இடிக்க புல்டோசர் வந்து நிக்குது. பிளான ஆபீஸ்ல வச்சிருந்தோமே, ஏன் வந்து பாக்கலன்னு கேக்கறாங்க. வச்சிருந்தாங்க, எங்கன்னா, வெளக்கு இல்லாத படி இல்லாத ஒரு பாதாள ரூம்ல, யாரும் பயன்படுத்தாத கக்கூஸுக்குள்ள, பூட்டின பீரோவுக்குள்ள, கதவுல 'சிறுத்தை ஜாக்கிரதை'ன்னு போர்டு வேற. கவர்ன்மென்ட் ஆபீஸ்ல ஒரே ஒரு கையெழுத்துக்காக நாலு தடவ அலைஞ்சவங்களுக்கு இத வெளக்கவே வேணாம். அதே நாள்ல பூமியையே இடிக்க வேற்றுகிரக ஆளுங்க வர்றாங்க, காரணம் அதேதான், விண்வெளியில ஒரு பைபாஸ் போடணுமாம், பிளான அம்பது வருஷமா பக்கத்து நட்சத்திரத்துல வச்சிருந்தாங்களாம்!

படிக்கிறப்போ ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, பேரெல்லாம் புரியலையேன்னு நிக்காதீங்க, பாதி அவரே அடிச்சு விட்டது. ஆனா ஒரு பேரு மட்டும் தெரிஞ்சிருக்கணும். ஆர்தரோட ஃப்ரெண்டு ஃபோர்ட் ப்ரிஃபெக்ட், அவரு வேற கிரகத்து ஆளு, பூமியில யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி சாதாரண பேரா வச்சுக்கலாம்னு சரியா விசாரிக்காம ஒண்ண புடிச்சிட்டாரு. ஃபோர்ட் ப்ரிஃபெக்ட்ங்கிறது அந்தக் காலத்துல இங்கிலாந்து ரோட்டுல ஓடின ஒரு காரு. நம்ம ஊருக்கு வந்த ஏலியன் ஒருத்தன் "வணக்கம், என் பேரு பிரீமியர் பத்மினி"ன்னு சொன்னா எப்படி இருக்கும், அதான் ஜோக்கு. இது தெரியாம நான் மூணு புக்கு தாண்டிட்டேன்.

ரெண்டாவது, வாக்கியத்தோட கடைசி வார்த்தைய விடாதீங்க. அவரு டெக்னிக்கே அங்கதான் இருக்கு, ரொம்ப சீரியஸா நீளமா கொண்டு போவாரு, கடைசி அடியில காலை வாரி விடுவாரு. பெரிய பெரிய விண்கலம் வானத்துல நிக்குதுன்னு சொல்லணும், என்ன மாதிரி நிக்குதுன்னா, செங்கல் எப்படி நிக்காதோ அந்த மாதிரி நிக்குதுங்கறாரு. ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க, உவமையே தலைகீழா இருக்கு, ஆனா படம் கண்ணு முன்னாடி வந்துடுது.

அப்புறம் அந்த 42. வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாத்துக்குமான கேள்விக்கு ஒரு கம்ப்யூட்டர் 75 லட்சம் வருஷம் யோசிச்சு சொல்ற பதில் அது. கதையில கேள்வியா வர்ற ஆறையும் ஒம்போதையும் பெருக்கினா 13 அடிமான கணக்குல (பத்து பத்தா எண்றதுக்கு பதிலா பதிமூணு பதிமூணா எண்ற கணக்கு) 42 வருதேன்னெல்லாம் ஆளுங்க ஆராய்ச்சி பண்ணாங்க, அவரு என்னடான்னா நான் 13 அடிமானத்துல எல்லாம் ஜோக் எழுதறதில்ல, சின்னதா சாதாரணமா ஒரு நம்பர் வேணும்னு தோணிச்சு, தோட்டத்தப் பாத்துட்டு எழுதினேன்னு முடிச்சிட்டாரு. நீங்களும் ஆராய்ச்சி பண்ணாதீங்க.

ஸ்டெப் 3: ரெண்டாவது புக்கோட பிரேக் போடுங்க

'தி ரெஸ்டாரன்ட் அட் தி எண்ட் ஆஃப் தி யுனிவர்ஸ்', 1980. மொத புக்கு நிக்கிற எடத்துலருந்தே ஓடும், அதனால ஒடனே படிச்சிடுங்க. ஆர்தர் இருக்கிற விண்கப்பல எதிரி சுட்டுட்டு இருக்கான், ஆனா கப்பலோட கம்ப்யூட்டர் எதுவும் செய்ய முடியாம மாட்டிக்கிட்டு இருக்கு, ஏன்னா ஆர்தர் ஒரு கப் நல்ல டீ கேட்டிருக்காரு, அத எப்படிப் போடறதுன்னு மொத்த மூளையும் அங்க போயிடுச்சு. இந்த சீன் ஒண்ணுக்கே காசு சரி.

இதோட நிறுத்துங்க. இந்த வரிசைய அஞ்சு பாகமும் ஒரே மூச்சுல படிக்கிறவங்கதான் "ஒரே மாதிரி இருக்கு"ன்னு ஓடிப்போறது. ஒரே ஒரு விதிவிலக்கு, கிரிக்கெட் பைத்தியமா இருந்தா மூணாவதையும் படிக்கலாம், அதுல ரோபோக்கள் லார்ட்ஸ் மைதானத்துக்கே வந்து ஆஷஸ தூக்கிட்டுப் போகும், கிரிக்கெட்டே ஒரு பயங்கரமான அண்டவெளிப் போரோட ஞாபக மிச்சம்னு ஒரு கதை கட்டியிருப்பாரு. டாக்டர் ஹூவுக்காக யோசிச்சு வேணாம்னு ஒதுக்கின கதைய இங்க கொண்டு வந்து போட்டுட்டாரு, அந்த ஒட்டு அங்கங்க தெரியும்.

ஸ்டெப் 4: டர்க் ஜென்ட்லி, ரெண்டு தடவ

1987ல வந்த 'டர்க் ஜென்ட்லிஸ் ஹோலிஸ்டிக் டிடெக்டிவ் ஏஜென்சி'. வேற ஆளு எழுதின மாதிரி இருக்கும். துப்பறியும் கதைதான், ஆனா டர்க்குக்கு தடயம் கைரேகை எதுவும் வேணாம், உலகத்துல எல்லாமே எல்லாத்தோடயும் சம்பந்தப்பட்டதுங்கறது அவரோட கொள்கை, அத வச்சு ஒரு பாட்டியோட காணாமப்போன பூனைய தேடறதுக்கு பஹாமாஸ் பீச் போன செலவையும் பில்லுல ஏத்துவாரு.

மாடிப்படியில ஒரு சோபா மாட்டிக்கிட்டு மேலயும் போகாம கீழயும் வராம நிக்கும், கணக்குப் போட்டுப் பாத்தா அது அங்க வந்திருக்கவே முடியாது. ஒரு பாத்ரூம்ல குதிரை நிக்கும். எலக்ட்ரிக் மாங்க்னு ஒரு மிஷின் துறவி வருவாரு, நம்ம சார்பா டிவி பாத்து வைக்க விசிஆர் இருக்கிற மாதிரி, நம்ம சார்பா நம்பிக்கை வைக்க ஒரு மிஷின். மொத தடவ படிக்கிறப்ப இதெல்லாம் சும்மா காமெடிக்கு வச்சதுன்னு தோணும். முடிச்சிட்டு மறுபடி மொதல் பக்கத்துக்கு வாங்க, ஒவ்வொண்ணும் எதுக்கு அங்க இருக்குன்னு தெரியும். அதுக்கு மேல சொன்னா நீங்க என்ன அடிப்பீங்க. மொத தடவ குழம்பினா பரவால்ல, எல்லாருக்கும் குழம்பும்.

ஸ்டெப் 5: நடுவுல கொறிக்க ஒண்ணு

'தி மீனிங் ஆஃப் லிஃப்', ஜான் லாயிடோட சேந்து 1983ல எழுதினது. பிரிட்டன்ல சும்மா போர்டுல தொங்கற ஊர்ப்பேரையெல்லாம் எடுத்து, பேரே இல்லாத அனுபவங்களுக்கு பேரா வச்சிருக்காங்க. சமையக்கட்டுக்கு வந்துட்டு எதுக்கு வந்தோம்னு முழிச்சிட்டு நிக்கிறதுக்கு பேரு வோக்கிங். வேற யாரோ உக்காந்து சூடாக்கிட்டுப் போன சீட்டுல உக்காரும்போது வர்ற அந்த ஒரு மாதிரியான கூச்சத்துக்கு பேரு ஷூபரினெஸ். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும்.

ஸ்டெப் 6: இதுக்காகத்தான் இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன்

'லாஸ்ட் சான்ஸ் டு சீ', 1990. என்னைக் கேட்டா அவரு எழுதினதுலயே இதுதான் டாப்பு, ஆனா 42 கூட்டத்துல முக்காவாசி பேரு இத படிச்சிருக்க மாட்டாங்க.

1985ல ஒரு பத்திரிகைக்காக அவர மடகாஸ்கருக்கு அனுப்பினாங்க, அய்-அய்னு ஒரு அபூர்வமான ராத்திரி மிருகத்தத் தேடி. கூட வந்தவரு மார்க் கார்வர்டைன், வெவரம் தெரிஞ்ச விலங்கியல்காரரு. ஒண்ணும் தெரியாம எல்லாத்தையும் பாத்து ஆச்சரியப்படறதுதான் ஆடம்ஸோட வேலை. அது புடிச்சுப்போய், அழியப்போற மத்த விலங்குகளையும் பாத்துடலாம்னு ரெண்டு பேரும் பின்னாடி கெளம்பினாங்க.

கொமோடோ டிராகன பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷ நிபுணர பாத்து, கொடிய பாம்பு கடிச்சா என்ன பண்ணணும்னு கேப்பாரு. செத்துடுவீங்க, கொடியதுன்னா அதானே அர்த்தம்ங்கிற மாதிரி பதில் வரும். சீனாவுல யாங்சி ஆத்துல பைஜின்னு ஒரு டால்ஃபின், கண்ணு சரியா தெரியாது, சத்தத்த வச்சுத்தான் வாழ்க்கை, ஆனா அந்த ஆத்துல ஓடற கப்பலுங்க சத்தத்துல அதுக்கு என்ன கேக்கும்? அத பதிவு பண்ண தண்ணிக்குள்ள மைக்க எறக்கணும், நனையாம எறக்க ஆணுறை வேணும், அத வாங்க ஷாங்காய் கடைக்காரங்ககிட்ட கைஜாடையில இவங்க படற பாட்டப் படிச்சு நான் கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச அடுத்த பக்கத்துல மைக்குல வெறும் இரைச்சல்தான் கேக்குது, அதான் அந்த டால்ஃபின் நாள் முழுக்க கேக்கிற சத்தம்னு புரியறப்போ அந்த சிரிப்பு தொண்டையில நிக்கும். 2006ல அந்த ஆத்த சல்லட போட்டு தேடினாங்க, ஒண்ணு கூட கெடைக்கல.

அப்புறம் நியூசிலாந்துல காகபோ. பறக்க மறந்துபோன குண்டுக் கிளி, பறக்க மறந்தத கூட மறந்துட்டு மரத்துல ஏறி குதிச்சு பொத்துன்னு விழும்னு எழுதியிருப்பாரு. ஆண் கிளி ராத்திரியில குழி தோண்டி உக்காந்து பெண் கிளிய கூப்பிடும், அது ரொம்ப அடி சுருதியில வர்ற சத்தம், அதனால எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னே கண்டுபுடிக்க முடியாது. அவரு அங்க பாக்கப் போனப்ப ஏறக்குறைய 40 தான் இருந்துச்சு, இப்ப 200ஐ தாண்டிடுச்சு. ஆனா அதே புக்குல ஜயர்ல (இன்னிக்கு காங்கோ) 22 இருந்ததா வர்ற வடக்கு வெள்ளை காண்டாமிருகம் இப்ப உலகத்துலயே ரெண்டுதான், ரெண்டும் பொண்ணு.

இந்த புக்க படிக்கிறதுக்கு ஒரே ஒரு டிப்ஸ். ஒவ்வொரு அத்தியாயம் முடிஞ்ச உடனே மூடி வச்சுட்டு, அந்த விலங்கு இன்னிக்கு எப்படி இருக்குன்னு தேடிப் பாருங்க, அடுத்த அத்தியாயத்துக்கு அப்புறம் போங்க. முன்னாடியே தேடிடாதீங்க. அதுக்கப்புறம் மறுபடி ஹிட்ச்ஹைக்கர எடுத்தா, யாரையும் கேக்காம பூமிய இடிக்கிற அந்த மொதல் சில அத்தியாயங்கள்ல மொத தடவ மாதிரி சிரிக்க முடியல எனக்கு.

ஸ்டெப் 7: மிச்சம் மீதி

'ஸோ லாங், அண்ட் தேங்க்ஸ் ஃபார் ஆல் தி ஃபிஷ்' நாலாவது பாகம், காதல் கதை. கெடு தாண்டி தாண்டி எழுதாம இருந்ததால பதிப்பாளர் சோனி மேத்தா அவர ஒரு ஹோட்டல் ரூம்ல உக்கார வச்சு கூடவே காவல் இருந்து எழுத வாங்கின புக்கு, அந்த அவசரம் தெரியும், ஆனா ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு பிஸ்கட் பாக்கெட்ட வச்சு வர்ற சம்பவத்துக்காக படிக்கலாம். டர்க்கோட ரெண்டாவது கதை 'தி லாங் டார்க் டீ-டைம் ஆஃப் தி சோல்', நார்ஸ் கடவுள் தோர் ஹீத்ரோ ஏர்போர்ட்ல வந்து நிக்கிற கதை, எனக்கு மொதலாவது அளவுக்கு புடிக்கல. 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' மனசு தெம்பா இருக்கிற நாள்ல மட்டும்.

கடைசியா 'தி சாமன் ஆஃப் டவுட்'. அவரு போன பிறகு அவரோட கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் எடுத்துத் தொகுத்து 2002ல போட்டாங்க, பாதியில நின்ன ஒரு நாவலும் அதுல இருக்கு. கட்டுரைகள மொதல்ல படிங்க. டீ எப்படிப் போடறதுன்னு அமெரிக்காக்காரங்களுக்கு ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லித்தர்ற ஒரு கட்டுரை இருக்கும், எல்லாம் சரி, கப்புல மொதல்ல பால ஊத்திட்டு அப்புறம்தான் டீய ஊத்தணும்ங்கறாரு பாருங்க, அத மட்டும் என்னால ஏத்துக்க முடியல.