கிளிஞ்சலும் படிகாரமும்: வேதி வாய்ப்பாடு எழுதப் பழகலாம்

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இதில் ‘கார்பனேட்’ என்பதுதான் ரேடிக்கல்: ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் பிணைந்து, மின்சுமையோடு ஒரே அலகாக இயங்கும் அணுக்கூட்டம். இன்றைய பாடநூலில் பல்லணு அயனி.

முதலில் இணைதிறனை, அதாவது ஓர் அணுவோ ரேடிக்கலோ மற்றதோடு சேரும் திறனைக் காட்டும் எண்ணை, மனப்பாடம் செய்யுங்கள். இதற்குக் குறுக்குவழி இல்லை.

நேர்மின்: சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் 1, கால்சியம், மக்னீசியம் 2, அலுமினியம் 3.

எதிர்மின்: குளோரைடு, நைட்ரேட், ஹைட்ராக்சைடு 1; ஆக்சைடு, கார்பனேட், சல்பேட் 2; பாஸ்பேட் 3.

இரும்பும் செம்பும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன் காட்டும். அவை அப்புறம்.

அடுத்து, நேர்மின் பகுதியின் குறியீட்டை முதலிலும் எதிர்மின் பகுதியின் குறியீட்டை அடுத்தும் எழுதி, இணைதிறன்களைக் குறுக்காக மாற்றிக் கீழே போடுங்கள். கிளிஞ்சலில் இரண்டு பக்கமும் 2. பொதுவான எண்ணால் வகுத்தால் ஒன்றுக்கு ஒன்று. 1 என்று எழுதத் தேவையில்லை. கார்பனேட்டுக்கு உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் 3-ஐ மட்டும் தொடாதீர்கள். அது அந்த ரேடிக்கலின் சொந்த எண்.

காளவாயில் சுட்டால் கார்பனேட்டே உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சுவது கால்சியம் ஆக்சைடு, சுட்ட சுண்ணாம்பு. ஒரே அலகு என்றாலும் கடும் சூட்டுக்கு அது தாங்காது. சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் ‘புஸ்’ஸென்று கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும்: கால்சியம் ஹைட்ராக்சைடு. இங்கே கால்சியம் 2, ஹைட்ராக்சைடு 1. மாற்றிப் போட்டால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. ஹைட்ராக்சைடை அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே 2 எழுதுங்கள். குறி விட்டுப்போனால் அந்த 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் போய்விடும், ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும். பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் படிகாரத்துக்கு வருவோம். அதில் மூன்று பேர்: பொட்டாசியம், அலுமினியம், சல்பேட். குறுக்காக மாற்றும் வழி இங்கே உதவாது. மின்சுமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 1, அலுமினியம் 3, ஆக நேர்மின் 4. சல்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின் 2, எனவே இரண்டு வேண்டும். பொட்டாசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, அடைப்புக்குறிக்குள் சல்பேட், வெளியே 2. படிகத்தில் இதோடு 12 நீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருக்கும். எந்த வாய்ப்பாட்டை எழுதினாலும் இதேபோல் இரண்டு பக்கச் சுமையும் சமமா என்று கூட்டிச் சரிபாருங்கள்.

இப்போது அம்மோனியம் பாஸ்பேட்டை நீங்களே எழுதுங்கள். மூன்று அம்மோனியம், ஒரு பாஸ்பேட், அடைப்புக்குறி அம்மோனியத்துக்கு என்று வந்தால் சரி.