காபியை விடுவதற்கு முன் ஒரு தடவை ஊதிப் பாருங்கள்

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த நான் ஒன்றரை வருடம் காபியைத் தொடவில்லை. அதற்கு முன்பெல்லாம் காலை 6 மணிக்குக் காபி, 8 மணிக்கு இட்லி சாம்பார், 11 மணிக்கெல்லாம் வயிறு உப்பி இடுப்பில் புடவைக் கட்டு இறுக்கும். பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. உட்கார்ந்தே இருக்க வேண்டும், எழுந்து நடக்கவும் முடியாது. "உனக்குப் பால்தான் ஆகலை" என்றார் அத்தை. நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள் உள்ளங்கை அளவில் ஒரு கருவி கொண்டுவந்தாள். அதில் ஊதினால் மூச்சில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்று போனில் காட்டும். மூன்று மாதம் வைத்துப் பார்த்ததில், இதைச் சரியாகச் செய்தால் எவ்வளவு பயன், தப்பாகச் செய்தால் எவ்வளவு குழப்பம் என்று இரண்டுமே தெரிந்தது.

நம் உடம்பு தானாக ஹைட்ரஜன் உண்டாக்காது. சிறுகுடலில் உறிஞ்சப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும்போது, அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், பாத்திரத்தில் மாவு பொங்குகிற மாதிரி. அதில் வரும் வாயுவில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வரும். அதைத்தான் கருவி அளக்கிறது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று அர்த்தம்.

சந்தேகப்படும் சர்க்கரையைக் குடித்துவிட்டு, அளவு ஏறுகிறதா என்று ஊதி ஊதிப் பார்ப்பதுதான் சோதனை. அது உண்மையில் முந்தைய நாளே ஆரம்பித்துவிடுகிறது. பருப்பு, வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பழம் எதுவும் கூடாது. நான் வெறும் பச்சரிசிச் சோறு, உப்பு, எண்ணெய், முட்டை என்று ஓட்டினேன். மீன், கோழி சாப்பிடுகிறவர்கள் மசாலா இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் பொறுங்கள். காலையில் நன்றாகப் பல் தேய்த்து வாய் கொப்பளியுங்கள், வாயிலிருக்கும் கிருமிகளே முதல் அளவைக் கெடுத்துவிடும். சோதனை முடியும்வரை தூக்கம், வேக நடை, புகை மூன்றும் வேண்டாம்.

நான் முதல் தடவை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய இரவு இரண்டு சப்பாத்தியும் கொண்டைக்கடலை குருமாவும் சாப்பிட்டிருந்தேன். காலையில் எதையும் குடிக்கும் முன்பே கருவி 31 காட்டியது. ஆரம்பமே இப்படி இருந்தால் அன்றைய சோதனை வீண். வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். வெறும் வயிற்றில் 4. பிறகு 25 கிராம் லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஊத வேண்டும், மூன்று மணி நேரம். ஊதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மூச்சை இழுத்துச் சில விநாடி அடக்கி, பிறகு மெதுவாக, ஒரே சீராகக் கடைசிவரை விட வேண்டும். நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுதான் கணக்கு.

பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் கருவி காட்டும் எண். அடுத்த பத்தியில் வயிறு சொல்வது: உப்பல், இரைச்சல், வலி, ஒவ்வொன்றுக்கும் 10க்கு எத்தனை. இந்த இரண்டாவது பத்தி இல்லாமல் முதல் பத்தியை நம்பாதீர்கள். நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

60 நிமிடத்தில் 7, 90ல் 22, 120ல் 48. ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் ஏறினால் லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்போ அத்தை சொன்னது சரிதானா? நோட்டின் அடுத்த பத்தியைப் பார்த்தேன். இரைச்சல் 3, உப்பல் 2, வலி இல்லை. 25 கிராம் லாக்டோஸ் என்றால் அரை லிட்டர் பாலில் இருப்பது. என் காபிக்கு 100 மில்லி பால், அதில் 5 கிராம்தான். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். சில நாள் கழித்து, அதே கட்டுப்பாடுகளோடு 100 மில்லி பாலை மட்டும் குடித்து ஊதிப் பார்த்தேன். அளவு 12ஐத் தாண்டவில்லை, வயிறும் வாய் திறக்கவில்லை.

இனுலின் சோதனைதான் என்னை உலுக்கியது. சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை எல்லாவற்றிலும் இருக்கும் நார்ச்சத்து வகை அது. 10 கிராம் குடித்தேன். மூன்றாவது மணி நேரத்தில் உப்பல் 7. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாவைப் பிடித்த கையால் வயிற்றை அழுத்திக்கொண்டே எண்ணை எழுதினேன். கடையில் 11 மணிக்கு வருமே, அதே உப்பல். ஒன்றரை வருடமாகக் காபியைக் குற்றம் சொன்னேன். செய்தது 8 மணி சாம்பாரில் கொட்டிக் கிடந்த சின்ன வெங்காயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இனுலினைச் செரிக்கும் நொதி மனிதர் யாருக்குமே கிடையாது. ஹைட்ரஜன் யாருக்கும் ஏறக்கூடியதுதான். எண் ஏறியது என்பதற்காக மட்டும் யாரும் வெங்காயத்தை விட வேண்டாம். எனக்கு எண்ணும் உப்பலும் சேர்ந்தே ஏறின, அதனால்தான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிலர் குடலில் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் அதிகம். அவர்கள் ஹைட்ரஜன் மட்டும் அளக்கும் கருவியில் ஊதினால் கோடு தரையிலேயே கிடக்கும். நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால் இரண்டு வாயுவையும் அளக்கும் கருவியாகப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் கருவியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கோதுமை ஒவ்வாமையையோ, கோதுமையில் இருக்கும் குளூட்டனால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோயையோ இது கண்டுபிடிக்காது. சீலியாக் ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவும் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் இந்தப் பொடிகளைக் குடிக்க வேண்டாம்.

சமையலில் நான் மாற்றியது கொஞ்சம்தான். இனுலின் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் பல்லை எடுத்துவிடுகிறேன். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. மூன்று வாரம் அப்படி இருந்துவிட்டு, பிறகு சாம்பாரில் என் பங்குக்கு ஒரு சின்ன வெங்காயம், மூன்று நாள் கழித்து இரண்டு, அப்புறம் நான்கு என்று ஏற்றிப் பார்த்தேன். நான்கில் உப்பல் திரும்ப வந்தது, இரண்டில் இல்லை. இப்போது எனக்கு இரண்டு. காலை 6 மணிக் காபி பழைய டபராவில், பழைய அளவில்.