பார்க்கின்சன்: நல்லதென்று நினைத்து நம் வீடுகளில் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் (நடுக்கம், விறைப்பு, அசைவில் மந்தம் தரும் மூளை நரம்பு நோய்) என்று தெரிந்தால், முதல் ஓராண்டில் நடப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. பல வருடமாக இந்த நோயோடு குடும்பம் நடத்துகிறவர்கள் எதையெல்லாம் செய்து பட்டுத் தெளிந்தார்களோ, அதையே புதிதாக வருகிறவர்கள் முதலிலிருந்து செய்கிறார்கள். மாத்திரையை மறப்பது, நடக்கச் சோம்பல்படுவது இதெல்லாம் தவறென்று எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம். அக்கறையோடு, நல்லதென்று நம்பிச் செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்று நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். வேறு பல மாத்திரைகளுக்கு அது சரியாக இருக்கலாம். பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவுக்கு அது பொருந்தாது.

லெவோடோபா வயிற்றில் வேலை செய்வதில்லை. சிறுகுடலின் மேல்பகுதிக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்குள் ஏறி, பிறகு மூளைக்குள் நுழைய வேண்டும். பருப்பு, பால், முட்டை, கறி, மீன் எல்லாவற்றிலும் உள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாகும்போது, அவையும் அதே வாசல் வழியாகத்தான் போகின்றன. கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நிற்கும். குடலில் ஒரு முறை, மூளையின் வாசலில் இன்னொரு முறை என்று இந்த நெருக்கடி இரண்டு இடத்தில் நடக்கிறது. நெய்யும் எண்ணெயும் கூடிய சாப்பாடாக இருந்தால் வயிறு காலியாகவே நேரமாகும், மாத்திரை குடலை எட்டுவதே தாமதப்படும். லெவோடோபா வழியிலேயே சிதையாமல் காக்கும் துணை மருந்தான கார்பிடோபா சேர்ந்திருந்தாலும், லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். அதனால் தவறிய வேளையைப் பிறகு ஈடுகட்ட முடிவதில்லை.

ஒரு கல்யாண வீட்டில் நடந்தது இது. பார்க்கின்சன் உள்ள ஒரு பெரியவர் காலை 7 மணிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தார். அடுத்தது 11 மணிக்கு. 'இலை போடட்டும், ரெண்டு வாய் சாப்பிட்டதும் தாரேன்' என்று ஆச்சி மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். பந்தி 12 மணிக்கு மேல்தான் தொடங்கியது. பருப்பு, நெய், பாயசம் என்று சாப்பாடு முடியும் நேரத்தில் மாத்திரை உள்ளே போனது. 2 மணிக்கு அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நான்கு பேர் தூக்கித்தான் காரில் ஏற்றினார்கள். நோய் முற்றிவிட்டது என்று கூடியிருந்த உறவெல்லாம் முடிவு கட்டியது. வெளியூரில் இருந்த மகன் போனிலேயே நேரம் வாங்கி மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். என்ன சாப்பிட்டார், எப்போது போட்டார் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அளவு கூடியது. வீட்டில் மறுநாள் காலை வெறும் வயிற்றில் அந்தக் கூடுதல் அளவு முழுசாக ஏறியதும் கை, கழுத்து, தோள் எல்லாம் நெளிந்து ஆடத் தொடங்கின. இப்படித் தானாக ஆடுவது மருந்து அதிகமானதன் அடையாளம். இதையும் நோய் என்றே நினைத்து மூன்று வாரம் போனது. பிழை மருந்தில் இல்லை, மருத்துவரிடமும் இல்லை. பந்திக்காகக் காத்திருந்ததுதான் பிழை.

சரியான முறை எளிது. சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து மாத்திரை போட வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர் போதாது. 7 மணிக்கு மாத்திரை என்றால் பாலூற்றிய காப்பி 7.30க்கு, பலகாரம் அதற்குப் பிறகு. தொடங்கிய புதிதில் குமட்டினால் இரண்டு சாதா பிஸ்கட் அல்லது அரை வாழைப்பழம் கொடுக்கலாம். பாலும் சத்துமாவுக் கஞ்சியும் அந்த நேரத்தில் வேண்டாம். குமட்டலுக்காக மருத்துவரே சில வாரம் சாப்பாட்டோடு போடச் சொல்லியிருந்தால், அதை எப்போது நிறுத்துவது என்று அவரிடமே கேளுங்கள். அந்தச் சில வாரம் சத்தமில்லாமல் சில வருடமாகிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி தேவை.

ஆடியில் கும்மாயம் கிண்டினால் கொடுக்கக்கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். உளுந்தும் பாசிப்பயறும் நெய்யும் சேர்ந்த பலகாரம் என்பதை மட்டும் நினைவில் வைத்து, மாத்திரை வேளையை விட்டுத் தள்ளிக் கொடுங்கள். புரதத்தையே நிறுத்திவிடுகிறவர்கள் வேறொரு தவறைச் செய்கிறார்கள்: ஆள் மெலிந்து, தொடைத் தசை கரைந்து, விழுவது கூடும். மாத்திரை வேலை செய்வதில் ஏற்ற இறக்கம் தெரியத் தொடங்கியவர்களுக்கு, கறி, மீன், பருப்பின் பெரும்பங்கை இரவுக்கு மாற்றுவது ஒரு வழி. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் மூன்று நாளுக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், உடம்பு இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம், தானாக ஆடியது உண்டா, எப்போது என்ன சாப்பிட்டார். 'பரவால்ல, அப்படியேதான் இருக்கார்' என்ற பதிலை வைத்து எந்த மருத்துவராலும் அளவைச் சரிசெய்ய முடியாது.

அட்டையில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

110 என்பது 100 மி.கி. லெவோடோபாவும் 10 மி.கி. கார்பிடோபாவும். 125 என்பது 100ம் 25ம். 275 என்பது 250ம் 25ம். 125 இல்லை, 110 தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால் தலையாட்டாதீர்கள். கார்பிடோபா குறைந்தால் குமட்டல் கூடும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது

ஒரு நாள்கூடக் கூடாது. கடுங்காய்ச்சலும் விறைப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சி.ஆர். (மெதுவாகக் கரையும்) மாத்திரையைப் பொடிப்பது

மணிக்கணக்கில் இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

கேஸ் மாத்திரையும் தலைசுற்று மாத்திரையும் கடையில் கேட்டு வாங்குவது

பார்க்கின்சனில் வயிறு மெதுவாகத்தான் வேலை செய்யும். உப்புசம், மலச்சிக்கல், ஏப்பம் வராத ஆள் குறைவு. உடனே ஒரு 'கேஸ் மாத்திரை'. அதில் பேன்டோபிரசோல் அல்லது ரேபிபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறித்தான் வேலை செய்கிறது; அந்த டோபமைன் உட்கார வேண்டிய இடத்தை லெவோசல்பிரைடு அடைத்துக்கொள்ளும். ஒரு கையால் லெவோடோபா கொடுத்துவிட்டு மறு கையால் அதைத் தட்டிவிடுவதுபோல. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், தலைசுற்றுக்குத் தரும் சின்னரிசின், ஃபுளுனரிசின், இரவில் பிதற்றினால் போடும் ஹாலோபெரிடால் எல்லாமே இந்தப் பட்டியலில் அடங்கும். நோயே இல்லாதவருக்குக்கூட இவை நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும். நிறுத்திய பிறகும் அது தெளிய மாதக்கணக்காகலாம்.

லெவோசல்பிரைடு முதல் ஹாலோபெரிடால் வரை இந்த ஆறு பெயர்களையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். இருமல், மூலம், கண் என்று எதற்குப் போனாலும் அந்த அட்டையை முதலில் காட்டுங்கள். வாந்திக்கு என்றால் டாம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் போன்ற வேறு மருந்துகள் உண்டு. இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இவற்றையும் யோசித்துத்தான் தருவார்கள். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் வேளை நேரத்தை எழுதி நர்ஸிடம் கொடுங்கள். வார்டில் எல்லோருக்கும் மருந்து தரும் நேரம் இவருக்கு ஆகாது.

பூனைக்காலி விதைப்பொடியை மாத்திரையோடு சேர்ப்பது

அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். இயற்கை மருந்து என்று சொல்லிச் சேர்த்தால் எத்தனை மி.கி. உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

நிலைப்படியில் கையைப் பிடித்து இழுப்பது

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நம் பழைய வீடுகளில் வாசலுக்கு நேர் வாசல். ஒவ்வொன்றிலும் உயர்ந்த நிலைப்படி. பார்க்கின்சன் உள்ளவருக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுபோவது பெரும்பாலும் வாசலிலும் திரும்புகிற இடத்திலும்தான். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னே வரும், கால் வராது. இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

இழுக்காமல் நிறுத்துங்கள். மூச்சு விடட்டும், நிமிரட்டும். உடம்பின் பாரத்தை இடமும் வலமுமாக இரண்டு முறை மாற்றச் சொல்லுங்கள். பிறகு 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி, மூன்றில் பெரிய எட்டாக வைக்கட்டும். இன்னும் நகரவில்லை என்றால் உங்கள் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, அதைத் தாண்டச் சொல்லுங்கள். தாண்ட ஒரு பொருள் கண்ணில் பட்டால் நின்ற கால் நகரும்.

வாசலுக்கு இருபுறமும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நான்கைந்து பட்டை டேப் ஒட்டலாம். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்குள் பல நிற டேப் காணாமல் போகும். அடர்த்தியான ஒரே நிறமாக இருக்கட்டும். சிலருக்குக் கல்லின் விளிம்புக்கோடே போதும், ஒன்று விட்டு ஒன்றைத் தாண்டி நடப்பார்கள். அந்தத் தரை பளபளக்க வேண்டும் என்று தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிற வழக்கத்தை அவர் நடக்கும் பாதையில் விட்டுவிடுங்கள். பாயும் கால்மிதியும் அங்கே வேண்டாம். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் சொம்பைக் கொடுக்காதீர்கள். கழிப்பறை பின்கட்டில் இருந்தால் இரவில் முற்றத்தைச் சுற்றிப் போக வைக்க வேண்டாம். கட்டிலருகே கமோடு நாற்காலியும் சிறிய விளக்கும் போதும்.

படுத்தவர் சட்டென எழுவது

ரத்த அழுத்தம் இறங்கி விழுவார். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழட்டும்.

சீப்புச்சீடையைத் தட்டில் வைப்பது

காப்பி குடிக்கும்போது இருமல் வந்தால் விழுங்குவதில் கோளாறு என்று கொள்ளுங்கள். சீப்புச்சீடை, மனகோலம் போல உதிர்வதும் தண்ணீர் போல ஓடுவதும்தான் புரையேறும். தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு வாயாக, பேசாமல் விழுங்கட்டும். பேச்சுப் பயிற்சியாளர் இதற்கும் பயிற்சி தருவார்.

குணம் மாறினால் வெளியே சொல்லாமல் மூடுவது

பார்க்கின்சனுக்கே தரும் வேறு மாத்திரைகளான பிரமிபெக்சோல், ரோபினிரோல் போடும் சிலருக்குச் சூதாட்டம், கண்மூடித்தனமான செலவு, அடங்காத ஆசை வரும். வட்டி, வரவு செலவில் அவ்வளவு கவனமாக இருந்தவர் திடீரென்று பங்குச்சந்தையில் கொட்டினால் குடும்பமானம் என்று மூடாதீர்கள். அது மருந்தின் வேலை. மருத்துவரிடம் சொன்னால் குறைக்க வழி உண்டு.

ஊருக்குத் தெரியாமல் வைப்பது

பேத்தி கல்யாணம் தடைப்படும் என்று நோயை மறைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. மறைத்தால் என்ன ஆகிறது? முகத்தசை இறுகிச் சிரிப்புக் காட்ட முடியாதவரைப் பார்த்து, 'அப்பச்சிக்கு என் மேல என்ன கோவம்' என்று உறவுகள் நினைத்து வருவதை நிறுத்துகின்றன. குரல் தணிந்ததால் அவரும் பேச்சை நிறுத்துகிறார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அத்தனை பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

ஏழெட்டுக் குடும்பம் மாதம் ஒரு முறை கூடினால் நிறைய மாறுகிறது. கூடும் இடம் படியில்லாததாக இருக்க வேண்டும். நேரம் பெரும்பாலானோருக்கு மருந்து வேலை செய்யும் வேளையாக இருக்கட்டும், பலருக்குக் காலை பத்தரை மணி சரிவரும். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து இருபது நிமிடம் கைகால் அசைவு, பத்து நிமிடம் உரக்கப் படிப்பது அல்லது சேர்ந்து பாடுவது. கேள்வியை அவரிடமே கேளுங்கள், பதில் வரப் பத்து நொடி காத்திருங்கள். பக்கத்திலிருக்கும் ஆச்சியைப் பார்த்துக் கேட்பது அவரை ஊமையாக்கும். ஒருவரின் மாத்திரையை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பதை மட்டும் அங்கே அனுமதிக்காதீர்கள்.

கடைசி அரை மணி பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. அவர்கள் தனியறையில் பேசட்டும். இடுப்புவலி, தூக்கமின்மை, கோபம், அழுகை எல்லாம் அங்கேதான் வெளியே வரும். 'நீங்க நல்லா பாத்துக்கிறீங்க' என்று பாராட்டுவதைவிட, வாரத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் உட்காருகிறேன் என்று ஒருவர் முன்வருவதுதான் உதவி. போகிறவருக்குத் தேவையானது ஒரே தாள்: மாத்திரை நேரம், நிலைப்படியில் நின்றால் செய்ய வேண்டியது, தரக்கூடாத மருந்துகள், கூப்பிட வேண்டிய எண். அதை அடுப்படிச் சுவரில் கண்ணுக்கு நேராக ஒட்டிவைத்துவிட்டு ஆச்சி கோயிலுக்குப் போய்வரலாம்.