மூன்று மேசைக்கரண்டி பிளேன்டீ

நான் பெரியபிள்ளை ஆனது 12 வயதில், பள்ளிக்கூடக் கழிப்பறையில். ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதென்று அழுதேன். டீச்சர் சட்டையைச் சுற்றித் துவாய் கட்டி வீட்டுக்கு அனுப்பினா, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் மகளுக்கு மார்பு அரும்பத் தொடங்கியதுமே கதைக்கத் தொடங்கினேன். அதிலிருந்து மாதவிடாய் வர ஏறக்குறைய 2, 2½ வருடம் இருக்கிறது. இருத்திவைத்துப் பாடம் நடத்தாதீர்கள். நாங்கள் பின்னேரம் கொழும்பு மரைன் டிரைவில் நடந்துகொண்டே கதைத்தோம். முகம் பார்க்கத் தேவையில்லை. இடையில் கோச்சி போனால் பேச்சு நிற்கும், அவளும் அதற்குள் அடுத்த கேள்வியை யோசித்துவிடுவாள்.

ஒருநாள் குசினியில் பழைய ஜட்டியொன்றில் நப்கினை ஒட்டி, ஆறின பிளேன்டீயை மேசைக்கரண்டியால் 3 தரம் ஊற்றினேன். "எல்லா நாளும் சேர்த்துப் போறது பெரும்பாலும் இவ்வளவுக்குள்ளதான்." "அவ்வளவுதானா அம்மா? வாளிக்கணக்கில எண்டெல்லோ நினைச்சன்!" பிறகு இன்னொன்றைத் தானே பிரித்து ஒட்டிப் பார்த்தாள். 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாற்றவேண்டும். புத்தகப் பைக்குள் 2 நப்கின், ஒரு ஜட்டி, சுற்றிப் போடக் கடதாசி எப்போதும் இருக்கட்டும்.

மகனை மறந்துவிடாதீர்கள். பெடியன்களுக்கு 9க்கும் 14க்கும் இடையில் தொடங்கும். முதலில் விதைகள் பெருக்கும், குரல் உடைவது பிறகுதான். நித்திரையில் விந்து வெளியேறுவதும் இயல்பு. என் மகன் திடீரென்று பெட்சீட்டைத் தானே தோய்க்க வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை, வோஷிங் மெஷினைப் போடப் பழக்கினேன். மிச்சத்தை அன்றிரவே அப்பா கதைத்தார். சில பெடியன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கும். அநேகமாக 2 வருடத்துக்குள் வற்றிவிடும், அதுவரை மாமாமாரின் பகிடியை நீங்கள்தான் நிறுத்தவேண்டும்.

கோபம், அழுகை, கதவை அடித்துச் சாத்துதல் எல்லாம் வரும். எங்களுடையது 2 அறை வீடு, ஆனாலும் தட்டாமல் யாரும் உள்ளே போவதில்லை.

முதல் 2 வருடம் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்தால் பயப்படவேண்டாம். மணிக்கு ஒரு நப்கின் நனைந்தால், 15 வயதாகியும் வராவிட்டால், மகளுக்கு 8க்கு முன்னோ மகனுக்கு 9க்கு முன்னோ மாற்றங்கள் தொடங்கினால் டொக்டரிடம் காட்டுங்கள். தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் உடனே வந்து சொல்லவேண்டும் என்பதையும், 1929 என்ற இலங்கைச் சிறுவர் உதவி இலக்கத்தையும் இருவருக்கும் பாடமாக்கிவிட்டேன்.

மகள் பெரியபிள்ளை ஆனபோது அம்மம்மா உழுத்தங்களி கிண்டினா, நல்லெண்ணெய் கொடுத்தா. பச்சை முட்டையை மட்டும் நான் தடுத்தேன். வீட்டிலேயே தண்ணி வார்த்தோம். சாமத்திய வீட்டுக்கு மண்டபம், வீடியோ வேண்டுமா என்று அவளையே கேட்டேன். வேண்டாம் என்றாள். திகதி பார்த்து, சீலையும் எடுத்து வைத்திருந்த மச்சாள்தான் இன்னும் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.