அந்திச் சூரியனைப் படமெடுக்கப் போய்ச் சொதப்பும் இடங்கள்

கேமரா வாங்கிய முதல் வாரம், பரமக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதை 212 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையிலும் வெளிறிய வானம், நடுவில் மிளகளவு ஒரு வெள்ளைப் பொட்டு. கரையில் தாம்பாளம் மாதிரி தெரிந்த சூரியன் எங்கே போனதென்றே புரியவில்லை.

வானத்தில் சூரியனின் அகலம் வெறும் அரை பாகை. கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸை அதிக இடம் தெரியும் 18-இல் வைத்தால், படத்தின் அகலத்தில் அது ஏறக்குறைய 140-இல் ஒரு பங்கு. 55-க்குத் திருப்பினாலும் 45-இல் ஒரு பங்குதான் தேறும். அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம். கேமராவுக்கு அந்த மயக்கம் கிடையாது. ஆகவே சின்ன லென்ஸ் வைத்திருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு, சூரியனையே எடுக்கப் பார்ப்பதுதான். எடுக்க வேண்டியது அதற்கு முன்னால் நிற்பதை.

ராமநாதபுரம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வரப்போரத்து ஒற்றைப் பனை, கிடைக்குத் திரும்பும் ஆடுகள், கண்மாய் மடை, எதுவும் ஆகும். ஆனால் எதிரில் வெளிச்சம் இருக்கும்போது எல்லாமே கறுத்துவிடும், மிஞ்சுவது உருவம் மட்டும். இரண்டு பனை ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் படத்தில் பனையே இருக்காது, ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். நாலடி தள்ளி நின்றால் இரண்டுக்கும் நடுவே வானம் தெரியும். ஆட்டுக்காரரை எடுக்கும்போதும் இதே கதைதான். நீங்கள் கரை மேல் நின்று எடுத்தால் அவர் பின்னாலிருக்கும் சீமைக்கருவேலப் புதரோடு கலந்துவிடுவார். கீழே இறங்கிக் குந்தி உட்காருங்கள், அவர் கரை மேல் வரட்டும். அப்போது தோளில் சாய்த்த தொரட்டி வரைக்கும் வானத்தில் வெட்டி வைத்த மாதிரி நிற்கும். நடையில் கால் இரண்டும் விலகும் நொடியில் அழுத்துங்கள். சேர்ந்திருந்தால் மனிதர் நட்டு வைத்த கம்பமாகிவிடுவார். இது தெரிவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அடுத்தது வெளிச்சம். ஆட்டோவில் விட்டால், இருண்ட நிலத்தைப் பார்த்ததும் கேமரா நல்லது செய்வதாக நினைத்துப் படத்தைப் பளிச்சென்று ஆக்கும். செவ்வானம் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, மைனஸ் 1, தேவைப்பட்டால் மைனஸ் 2 வரை குறையுங்கள். இல்லையென்றால் சூரியன் உள்ளே வராமல் பக்கத்து வானத்தை மட்டும் அளந்து, அந்த அளவை லாக் செய்துவிட்டு, பிறகு சட்டகத்தைத் திருப்பலாம். போனில் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். புதர் கறுத்துப் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது கறுக்கத்தான் வேண்டும்.

படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அதே மாதிரி ஓர் அதிகப்பிரசங்கி. ஆட்டோவில் இருந்தால் ஆரஞ்சு நிறத்தைக் குறை என்று எண்ணிச் சரிசெய்யப் பார்க்கும். வெயில் குறியிலோ மேகக் குறியிலோ நிறுத்தி வையுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் அந்த வசதி குறைவு.

நேரத்தில் தவறுகிறவர்கள்தான் அதிகம். ராமநாதபுரத்தில் நவம்பர் கடைசியில் சூரியன் 5.50 வாக்கில் மறையும், ஜூலையில் 6.40 ஆகும். சமவெளியில் காலண்டர் சொல்லும் நேரத்தை நம்பலாம். தென்காசியிலோ கம்பம் பள்ளத்தாக்கிலோ நம்ப முடியாது. மேற்கே மலை நிற்பதால் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். திசையும் நிலையல்ல. ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே மறையும் இடம் அடிவானத்தில் 47 பாகை போல நகர்கிறது. டிசம்பரில் சூரியனைத் தாங்கி நின்ற பனை ஜூனில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். அப்புறம், நம் ஊரில் சூரியன் சாய்வாக இறங்காமல் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. அடிவிளிம்பு தரையைத் தொட்டதிலிருந்து முழுதாக முங்க இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். அந்த நேரத்தில் மரம் தேடி ஓடினால் காரியம் கெட்டது. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள்.

மறைந்த கையோடு வண்டியைக் கிளப்புவதும் தவறு. மேகங்களுக்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறுவது அதன் பிறகுதான்; பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்து பாருங்கள். மேகமே இல்லாத வானம் நல்ல வானம் என்பதும் தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலம், உயரத்தில் மெல்லிய மேகம், கண்மாயில் தண்ணீர். அதற்கு ஈடே இல்லை.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ஃபிளாஷை அணைக்க மறப்பது. மலிவு ஃபில்டரைக் கழற்றாமல் எடுத்து, சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்ச் சூரியனை வாங்கி வருவது. லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கி, சென்சாரின் தூசியையெல்லாம் புள்ளி புள்ளியாக வானத்தில் காட்டுவது. டிரைபாட் இல்லையே என்று இருட்டியதும் விட்டுவிடுவது. பைக் சீட்டின் மேல் துண்டை மடித்துக் கேமராவை வைத்து, 2 விநாடி டைமரைப் போட்டால் ஆடாமல் வரும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. கண்ணாடி வழியாக நேரே பார்க்கிற பழைய கேமராவில் ஜூம் லென்ஸை மாட்டிச் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பின்பக்கத் திரையில் பார்த்து எடுங்கள்.

இருட்டில் கரையிறங்க டார்ச் வேண்டும். கிளம்புமுன் லென்ஸ் மூடி பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையது ஒன்று அந்தக் கண்மாய்ச் சேற்றில் இன்னும் கிடக்கும்.